வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என் 13 வயது மகனைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். போனை வாங்கி வைத்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

முதலில் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் இதையேதான் செய்தேன். அதன் பலனை என் மகள் நான்கு மாதம் அனுபவித்தாள்.

அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிச் சுற்றுலாவில் தயிர்ச்சாதம் சாப்பிட வாயைத் திறந்த நேரத்தில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். முகத்தை மட்டும் கத்தரித்து ஸ்டிக்கர் ஆக்கி, கீழே அவள் நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயரையும் போட்டுவிட்டார்கள். "கரண்ட் போய்விட்டது" என்று ஒருவன் எழுதுகிறான். அடுத்து வரிசையாகப் பதினைந்து முறை என் மகளின் முகம். நானே எண்ணிப் பார்த்தேன்.

மூன்று வாரமாக அவளுடைய சாப்பாட்டு டப்பா தொடாமலே திரும்பி வந்துகொண்டிருந்தது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வாயைத் திறந்து சாப்பிட அந்தப் பிள்ளை கூசியிருக்கிறாள் என்பது ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த ஆத்திரத்தில் குழுவிலிருந்து அவளை வெளியேற்றி, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பள்ளியில் "ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். என் கையாலேயே அழித்துவிட்டேனே, எதைக் காட்டுவது? கேலியும் நிற்கவில்லை. அடுத்து அவள் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கு வந்தது. தோழியின் போனில் அதைப் பார்த்தவள் நான்கு மாதம் எங்களிடம் மூச்சுவிடவில்லை. ஏன் சாமி சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அதற்கே போனைப் பிடுங்கினீர்கள். இதைச் சொன்னால் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன் அப்பா" என்றாள். இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

இந்த வயதில் எதற்குப் போன் என்று சிலர் கேட்பீர்கள். 2020 ஊரடங்கில் போனில் பாடம் நடத்தத் தொடங்கிய பள்ளி, அதன்பிறகும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியது. வாங்கிக் கொடுக்காமல் என்ன செய்வது? வேன் கட்டணம் இரண்டு நாள் தாமதமானால் ஐந்து முறை செய்தி அனுப்புகிறவர்கள், என் புகார்க் கடிதத்துக்குப் பதில் சொல்ல பதினொரு நாள் எடுத்துக்கொண்டார்கள்.  

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தோம். போலிக் கணக்கின் முகவரி, பதிவுகள், தேதி தெரியும்படி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் ஆள்மாறாட்டம் என்று இன்ஸ்டாகிராமிலேயே புகார் கொடுத்தோம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இத்தகைய புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. மறுநாளே கணக்கு போய்விட்டது.

போலீசுக்குப் போகாத கோழை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். போலிக் கணக்கைத் தொடங்கியவளும் பதினான்கு வயதுப் பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து என் மகளோடு ஒரே வேனில் போனவள். நானும் என் மனைவியும் அவள் வீட்டுக்குப் போனோம். "என் பெண் அப்படிச் செய்ய மாட்டாள்" என்று சொன்ன அந்த அம்மா, நாங்கள் கொடுத்த ஸ்கிரீன்ஷாட் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, நான்காவது தாளில் நிறுத்தி மகளை உள்ளேயிருந்து கூப்பிட்டார். அதன்பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து எதுவும் வரவில்லை. பழைய ஸ்டிக்கர் எத்தனை போன்களில் இன்னும் கிடக்கிறதோ, அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

பட்டப்பெயருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் போடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. ஆனால் அந்தரங்கப் படம், ஆபாசமாக மாற்றிய படம், மிரட்டல் என்று போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் அந்தப் படங்களைப் பற்றிப் புகார் செய்யலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினால் அந்த நிமிடமே மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள்; தமிழில் பேசுவார்கள்.

இன்று இரவு மகன் பக்கத்தில் உட்காருங்கள். குழுவை விட்டு வெளியேறாமல், எதையும் அழிக்காமல், அவன் கையாலேயே ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். உங்களிடம் காட்டக் கூச்சப்படுகிற பகுதி இருந்தால் வற்புறுத்த வேண்டாம். அவனுக்குப் பிடித்த மாமாவோ சித்தப்பாவோ பார்க்கட்டும்.