சூழலியல் ஆராய்ச்சிக்குக் கணினியும் தரவு மாடலும் எவ்வளவு தேவை?

கேள்வி: "கடலூரில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். பிச்சாவரத்தில் புராஜெக்ட் செய்ய ஆசை. யாரைக் கேட்டாலும் ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள், மெஷின் லேர்னிங் என்கிறார்கள். செடி கொடி பார்க்க வந்த எனக்கு இதெல்லாம் எதற்கு? எங்கிருந்து தொடங்குவது?"

தேவைதான். ஆனால் காரணம் மென்பொருள் அல்ல. காட்டில் எதுவும் தனியாக மாறுவதில்லை. கடலிலிருந்து தள்ளிப் போகப் போக மண் மாறும், உப்பு மாறும், மேடு பள்ளம் மாறும், அதோடு மரமும் மாறும். எல்லாம் சேர்ந்து மாறும்போது எது எதற்குக் காரணம் என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதைப் பிரிக்க எடுக்கும் முயற்சிதான் மாடல். புதுச்சேரியில் காட்டுக் கணக்கெடுப்புத் தரவுகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இதற்கு உங்கள் மாவட்டத்திலேயே உலகம் கவனித்த ஒரு உதாரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அலையாத்திக் காடு (பிச்சாவரத்தில் இருப்பது போன்ற மாங்குரோவ் காடு) ஊர்களைக் காப்பாற்றியது என்று நம் கடற்கரை முழுக்கப் பேசினார்கள். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தப் பகுதியின் 18 கடலோரக் குப்பங்களில் உயிரிழப்பு, சொத்திழப்பு, கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், முன்னால் இருந்த தாவரப் பரப்பு ஆகியவற்றைத் திரட்டி 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மரம் அதிகமாக இருந்த இடத்தில் சாவு குறைவு என்றது அது. அதே ஆண்டில், சுனாமிக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த இன்னொரு குழுவும், அலையாத்திக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியது.

2006-ல் வந்தது மறுப்பு. வேறொரு குழு அதே 18 ஊர்களின் எண்களை எடுத்து, கேள்வியை மட்டும் மாற்றிப் போட்டது. ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களை ஒப்பிட்டால், மரம் இருந்த ஊரில் சாவு குறைவா? தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் எடுத்த பிறகு, தாவரப் பரப்பு கூடுதலாக விளக்கியது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று அவர்கள் காட்டினார்கள். யோசித்தால் புரியும். கடலுக்கு வெகு தள்ளி இருக்கும் ஊருக்கும் கடலுக்கும் நடுவில்தான் மரம் வளர இடம் இருக்கும். அலைவாயிலேயே இருக்கும் குப்பத்துக்கு முன்னால் எங்கிருந்து காடு வரும்? அதே ஆண்டில் மூன்றாவதாக ஒரு குழு அதே எண்களை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்து, இல்லை, அலையாத்தி காப்பாற்றியது உண்மைதான் என்று பதில் எழுதியது.

தரவு ஒன்றுதான், முடிவுகள் இரண்டு. இதைப் படித்ததும் புள்ளியியலில் எதையும் நிரூபிக்கலாம் என்று சிலர் கையை உதறிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊருக்கு ஒன்றாக அட்டவணையில் பதினெட்டே வரிகள், அதில் தூரம், உயரம், தாவரம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு அந்த 18 வரிகளில் செய்தி இல்லை என்பதே என் கருத்து. கடலுக்கு அருகில் காட்டோடு ஒரு ஊர், காடில்லாமல் அதே உயரத்தில் ஒரு ஊர் என்று பல ஜோடிகள் இருந்திருந்தால் பிரித்திருக்கலாம். ஒரு மாடல் விடை சொல்லவில்லை என்றால், எந்தத் தரவு இருந்தால் சொல்லும் என்பதையாவது தெளிவாகக் காட்டும். அதுவே பெரிய லாபம்.

இது பண்டிதர்கள் சண்டை என்று ஒதுக்கவும் முடியாது. அந்த அட்டவணையில் ஒவ்வொரு எண்ணும் ஒரு குப்பத்தின் சாவு. மரம்தான் காப்பாற்றியது என்று நம்பினால், மரம் நட்டுவிட்டு ஊரை அங்கேயே விட்டுவைப்போம். உயரமும் தூரமும்தான் காப்பாற்றின என்றால், எச்சரிக்கை ஒலியும், ஓடி ஏற ஒரு மேடும், அதற்கு ஒரு பாதையும்தான் முதல் வேலை. மீனும் இறாலும் குஞ்சு வளர்க்க அலையாத்தி வேண்டும், அதற்காகவே அதைக் காக்க வேண்டும். செய்யாத ஒன்றை அதன் தலையில் ஏற்றிக் காக்கக் கூடாது.

இந்தக் கேள்வியை வேறு வழியிலும் கேட்கலாம். ஊர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அலை எப்படி உள்ளே வருகிறது, எத்தனை தண்டு, எவ்வளவு பருமன், அடியில் எவ்வளவு வேர் என்பதைப் பொறுத்து தண்ணீரின் வேகம் எவ்வளவு குறையும் என்று இயற்பியல் சமன்பாடுகளிலிருந்து கணினியில் ஓட்டிப் பார்ப்பது. இதற்குத் தரையின் உயரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. அடர்ந்த மரம் இருக்கும் இடத்தில் அது தரையைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் மரத்தின் தலையைத்தான் பார்க்கிறது. அதனால் சவுக்குத் தோப்பும், அலையாத்தி வகையான சுரபுன்னைக் காடும் அந்தப் படத்தில் மேடாகத் தெரியும். இதை அப்படியே மாடலில் போட்டால், மரம் செய்த வேலை உயரத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசத்தில் உயிர் பிழைக்கும் நிலத்தில் இது சின்னப் பிழை அல்ல. எந்த எண் எந்தக் கருவியில் எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் மாடலைத் தொடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பறவைக் கணக்கிலும் இதே கதை. ஊசுட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான ஏரி. பறவை பார்ப்பவர்கள் பெரும்பாலும் லீவு நாளில், காலையில், வண்டி போகும் கரைப் பக்கமே போவார்கள். நாணல் அடர்ந்த அக்கரையில் என்ன இருக்கிறது என்பது பட்டியலில் குறைவாகவே வரும். ஒரு பறவை அங்கே இருந்தும், ஒரு முறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் பார்க்காமல் திரும்பும் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7, அதாவது ஏறக்குறைய 34 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு! "மூன்று முறை தேடினோம், இல்லை" என்று எழுதிய பட்டியலை எப்படி நம்புவது? ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், பார்த்ததையும் பார்க்காததையும் வருகை வாரியாக எழுதி வைத்தால், 'இருப்பது' வேறு, 'தென்படுவது' வேறு என்று இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட முடியும். 2002-லிருந்து ஆக்குபன்சி மாடல் என்ற பெயரில் இந்த முறை பரவலாகப் பயன்படுகிறது. கணக்கு பெரிதாகக் கஷ்டமில்லை. போன ஒவ்வொரு முறையையும் எழுதி வைக்கும் ஒழுங்குதான் கஷ்டம்.

மெஷின் லேர்னிங், அதாவது தரவிலிருந்து கணினியே கற்றுக்கொண்டு கணிக்கும் முறை பற்றிக் கேட்டீர்கள். பயன்படுத்தலாம், ஆனால் சோதனை முறையைப் பாருங்கள். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் 1 கோடியே 18 லட்சம் மரங்களின் கணக்கெடுப்பை வைத்து 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. தரவைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தபோது, காட்டின் உயிர்த்திரளில் (மரங்களின் மொத்த எடையில்) உள்ள மாறுபாட்டில் பாதிக்கு மேல் மாடல் விளக்கியதாகத் தெரிந்தது. பயிற்சிக்கு எடுத்த இடங்களிலிருந்து தள்ளி இருந்த காடுகளில் சோதித்தபோது கணிப்புத் திறன் ஏறக்குறைய பூஜ்யம். பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒரே மாதிரி இருப்பதை மாடல் மனப்பாடம் செய்திருந்தது, அவ்வளவுதான். பிச்சாவரத்தில் ஒரு வாய்க்கால் ஓரம் பழக்கிய மாடலை அதே வாய்க்காலில் சோதித்து 95 சதவீதம் என்று எழுதும் ஆய்வறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வேறு வாய்க்காலில், முடிந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் சோதியுங்கள்.

இனி எங்கிருந்து தொடங்குவது. முதலில் எக்ஸெல் தாள். ஒரு வரியில் ஒரே மரம் அல்லது ஒரே பார்வை. தேதி, நேரம், ஜிபிஎஸ், அளந்தவர் பெயர், எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். தேடியும் கிடைக்கவில்லை என்றால் 0 போடுங்கள், தேடவே இல்லை என்றால் காலியாக விடுங்கள். இந்த இரண்டும் கலந்துபோன தாள்களைத் திருத்துவதில்தான் என் வேலை நேரம் பெரிதும் போகிறது, பல சமயம் திருத்தவும் முடிவதில்லை, ஏனென்றால் அன்று களத்தில் இருந்தவருக்கே நினைவிருக்காது. மரத்தின் சுற்றளவை 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். சுரபுன்னைக்கு முட்டு வேர் அதற்கு மேலே போய்விட்டால் வேருக்கு மேல் அளக்க வேண்டும். எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

அதன் பிறகு ஆர். இலவசம், சூழலியலுக்கான தொகுப்புகள் ஏராளம். பைத்தான் தெரிந்தால் அதுவே போதும், இரண்டுக்கும் சண்டை போட வேண்டாம். வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், அதுவும் இலவசம். செடியின் பெயரில் சந்தேகம் வந்தால் புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. பெயர் தப்பாக இருக்கும் தரவை எந்த மாடலும் காப்பாற்றாது. நீங்கள் படித்த தாவரவியல் தேவைப்படுவது இங்கேதான், அதை விட்டுவிட்டு நிரல் எழுதப் போகாதீர்கள்.

புராஜெக்டுக்கு ஒரு யோசனை. முன்பு பிச்சாவரத்தில் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் அமிழ்ந்து குழிவாகி, ஓதத் தண்ணீர் (கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் தண்ணீர்) வெளியேறாமல் தேங்கி, உப்பு ஏறி, மரம் வளராமல் போனது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டித் தண்ணீர் ஓட வழி செய்து, அங்கே கன்று நட்டார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972-லிருந்து இருக்கின்றன, 2008-லிருந்து இலவசம். கால்வாய் வெட்டிய இடம், வெட்டாமல் விட்ட இடம், எப்போதும் நல்ல காடாக இருந்த இடம் மூன்றையும் எடுத்து, கால்வாய் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பசுமை எப்படி மாறியது என்று ஒப்பிடுங்கள். கால்வாய் வெட்டிய இடத்தை மட்டும் எடுத்தால், நல்ல மழை பெய்த வருஷத்தின் பச்சையும் கால்வாய்க் கணக்கில் சேர்ந்துவிடும். படம் எடுத்த காலை நேரத்தில் ஓதம் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்பதையும் ஓத அட்டவணை பார்த்துக் குறியுங்கள். கன்றுகளுக்கு அடியில் தண்ணீர் நின்றால் அந்தப் புள்ளியில் பசுமை குறைவாகத் தெரியும்.