திருகோணமலை நிலாவெளி மணலில் புதைத்த குழாய் ஏன் சூடேறுகிறது?

வணக்கம். குளிரறையின் 3 கிலோவாட் கழிவு வெப்பத்தை 40 மீற்றர் குழாயால், ஒரு மீற்றர் ஆழத்தில் மண்ணுக்குள் விடுவதாகவும், மூன்றாம் நாளே கம்பிரசர் நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பம்பில் பிழையில்லை. காய்ந்த மணல்தான் காரணம்: மணிகளுக்கிடையே காற்று நிற்பதால் வெப்பம் எளிதில் நகராது, சூடேறச் சூடேறக் குழாயைச் சுற்றி மணல் இன்னும் காயும். ஈரமணல் பல மடங்கு கடத்தும். ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணற்றுநீர் இறங்கியிருக்கும்போது அந்த மட்டத்துக்கும் கீழே வெட்டுங்கள்; அப்போதுதான் வருடம் முழுக்க நனைந்திருக்கும். அங்கே மீற்றருக்கு 20 வாட் என்று வைத்தால் 150 மீற்றர் வேண்டும். நிலமே 28 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் மீற்றருக்கு 20 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். குழாய் வரிகளுக்கிடையே ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள். செப்பு வேண்டாம், உப்பு அரிக்கும். 32 மில்லிமீற்றர் பொலித்தீன் குழாய், உருக்கி ஒட்டிய மூட்டு. மூடுமுன் 6 பார் அழுத்தத்தில் ஒரு மணிநேரம் சோதியுங்கள். ஈரமணல் சரியும், பக்கப்பலகை முட்டுக்கொடுக்காமல் யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள்.