சாரணர் படையில் சாமியும் கட்சியும்: வாசகர் கேள்விகள்

எங்கள் படையில் புதிதாகச் சேர்ந்த பையன், உறுதிமொழியில் "கடவுள்" என்று சொல்ல மாட்டேன் என்கிறான். வீட்டில் எல்லோரும் பெரியார் வழி. என்ன செய்வது? (சாரண ஆசிரியர், அம்மாபேட்டை)

நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 மாநாடு நடந்த ஊர் நம் சேலம். இங்கே இப்படி ஒரு பையன் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விரும்பினால் "கடவுள்" என்ற இடத்தில் "தர்மம்" என்று சொல்லிக்கொள்ள பாரத சாரண சாரணியர் விதியிலேயே இடம் இருக்கிறது. ஆசிரியர்கள் பலருக்கே இது தெரியாமல், சின்னம் சூட்டும் நாளில் எல்லோர் முன்னாலும் பையனை மடக்குகிறார்கள். அது வேண்டாம். முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு இரண்டு வாசகங்களையும் எழுதிக் கொடுத்து, வீட்டில் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அவன் எதைத் தேர்ந்தாலும் காரணம் கேட்காதீர்கள். மற்றவர்கள் கிண்டல் செய்தால் மட்டும் தலையிடுங்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் எங்கள் படைக்குத் தண்ணீர் கொடுக்கும் பணி. ஒரு கிறிஸ்தவப் பையனின் அம்மா அனுப்ப மறுக்கிறார். இதற்கிடையே உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், கட்சிப் பொதுக்கூட்டத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த யூனிபார்மில் பிள்ளைகளைக் கேட்கிறார். (செவ்வாய்ப்பேட்டை)

கட்சிக் கூட்டத்துக்கு முடியாது. எந்தக் கட்சியானாலும் இதே பதில்தான். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், "மாவட்டச் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்க" என்று அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் திரும்பி வர மாட்டார்கள். வாக்குச்சாவடியில் முதியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போவது வேறு, அதற்குப் போகலாம்.

கோயில் விஷயத்தில் அந்த அம்மாவின் பயம் தண்ணீர் கொடுப்பதில் இருக்காது. குங்குமம், பிரசாதம் என்று போய்விடுமோ என்பதில்தான் இருக்கும். "பந்தலில் டம்ளர் நீட்டுவதோடு சரி, சந்நிதிப் பக்கம் போக மாட்டான்" என்று வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வருகைப் பதிவில் கை வைக்காதீர்கள். "நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத் திருவிழாவுக்கும் படை போகுமா?" என்று அவர் கேட்கக்கூடும். போகும் என்று சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

ரம்ஜான் மாதத்தில் ஏற்காட்டில் முகாம். நோன்பு பிடிக்கும் பையன்கள் மலையேற்றத்தைத் தாங்குவார்களா? (ஓமலூர்)

முதலில் தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அன்றாட நேரத்தை மாற்றுங்கள். சஹர் என்னும் விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்காக நாலரை மணிக்கு எழும் பையன்கள், டார்ச் வெளிச்சத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிடும்படி விடக்கூடாது. அவர்கள் அணியில் நோன்பு இல்லாத இரண்டு பேர் முறைபோட்டு எழுந்து அடுப்பு மூட்டட்டும். சேர்வராயன் கோயில் வரை நடப்பதைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் முடிச்சுப் பயிற்சி, வரைபடம் என்று நிழலில் உட்கார வையுங்கள். இரவுச் சாப்பாட்டை நோன்பு திறக்கும் மக்ரிப் நேரத்தில், ஆறரை வாக்கில், எல்லோருக்குமே முன்கூட்டியே வைத்துவிடலாம். அந்தக் குளிரில் சூடான கஞ்சியை யார் வேண்டாம் என்பார்கள்?

பயணத்தில் இருப்பவர் நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளும் சலுகை இஸ்லாத்தில் உண்டு. ஆனால் அதை அவர்கள் வீட்டார் சொல்லட்டும். மார்க்கத் தீர்ப்பு சொல்வது நம் வேலை இல்லை. தலைசுற்றினால் உடனே தண்ணீர் கொடுப்போம் என்பதற்கு மட்டும் கிளம்பும் முன்பே பெற்றோரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

சர்வ சமயப் பிரார்த்தனையில் மகள் பாட மாட்டேன் என்கிறாள். (ஒரு தந்தை, அஸ்தம்பட்டி)

மரியாதையாக நின்றால் போதும். தேசிய கீதம் பாடாமல் எழுந்து நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியை விட்டு நீக்கியது தவறு என்று 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரார்த்தனைப் பாட்டு எம்மாத்திரம்?

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் கட்சிச் சண்டை. (சாரண ஆசிரியை)

அட்மின் மட்டும் பதிவு போடும்படி மாற்றிவிடுங்கள். அப்புறம் உங்கள் ஸ்டேட்டஸையும் ஒருமுறை பாருங்கள். ஓட்டு உங்கள் விருப்பம். ஸ்கார்ஃப் கட்டிய படத்தை டி.பி.யாக வைத்துக்கொண்டு கட்சி வீடியோ போடாதீர்கள்.