ஒரு கோடி கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால்…

கேள்வி: எங்கள் ஊரில் வாரப் பத்திரிகை நடத்துகிறேன். போட்ட மூன்றே மாதத்தில் பெயர்ந்துபோன சாலையைப் பற்றி எழுதினோம். ஒரு கோடி ரூபாய் மானநஷ்டம் கேட்டு நகராட்சித் தலைவர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

பதில்: உண்டு. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் கிடைத்தது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' வெளியிடக்கூடாது என்று சிறைத்துறை எச்சரித்தபோது, அதன் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார். 1994-இல் வந்த தீர்ப்பு உங்களுக்கு அப்படியே பொருந்தும். பதவியில் இருப்பவர் தம் பதவிப் பணியைப் பற்றிய செய்திக்காக நஷ்டஈடு பெற வேண்டுமானால், பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று பாராமலோ எழுதினீர்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். செய்தியில் பிழையே இருந்தாலும், நியாயமாகச் சரிபார்த்தீர்கள் என்று காட்டினால் போதும். நகராட்சி தன் பெயரில் நஷ்டஈடு கேட்கவே முடியாது. ஆனால், தலைவரின் குடும்ப விவகாரத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் இந்தக் கவசம் அதற்கு உதவாது.

ஆகவே நிருபரின் குறிப்பேடு, சாலையின் புகைப்படங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில், தலைவரிடம் விளக்கம் கேட்ட நாள், நேரம் எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் போடுங்கள். குறிப்பேட்டில் தேதி இல்லாமல் குறுக்கு விசாரணையில் திணறிய நிருபரை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கோடி என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். நோட்டீஸில் எத்தனை சுழியும் போடலாம். வழக்காகத் தாக்கல் செய்தால் தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது 3 லட்சம் ரூபாய், நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். செய்தி வெளியான ஓராண்டுக்குள் போடவும் வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் தடையுத்தரவு வராதிருக்க இப்போதே கேவியட் மனு போடுங்கள். 90 நாள் செல்லும். விசாரணைக்கு முன்பே செய்திக்குத் தடை விதிப்பது அரிதாகவே நடக்க வேண்டும் என்று 2024-இல் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கைகொடுக்கும்.

கவலை என்றால் குற்றவியல் அவதூறுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, வாய்தா வாய்தாவாக அலைவதே தண்டனை. இதற்கென்று பத்திரிகைகளைக் காக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223-ஆம் பிரிவின்படி, புகாரை ஏற்குமுன் மாஜிஸ்திரேட் உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். அங்கேயே ஆவணங்களை வையுங்கள். அதையும் மீறிப் புகார் ஏற்கப்பட்டால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2020-இல் பத்திரிகை ஆசிரியர்கள் மீது தமிழக அரசு தொடுத்திருந்த பல அவதூறு வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நோட்டீஸுக்கு வக்கீல் மூலமே பதில் அனுப்புங்கள். பிழை இருந்தால் அந்தப் பிழையை மட்டும் திருத்தி வெளியிடுங்கள். பயந்துபோய் மொத்தச் செய்திக்கும் வருத்தம் தெரிவித்துப் பெட்டிச் செய்தி போட்டால், எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.