அம்மாவின் கண்ணாடியில் கட்டிய நூல்

கேள்வி: எங்கள் ஊர் நாசரேத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். என் தாயாருக்கு 78 வயது. அப்பா காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சமையலுக்கு உதவுகிறார். முழங்கால் வலியால் அம்மா ஆலயத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் சேகர குருவானவர் மூன்று மாதமாக வீட்டுப் பக்கமே வரவில்லை. கடைசியாக வந்தபோதும் பத்து நிமிடம் இருந்து ஜெபித்து, அம்மாவின் மூக்குக் கண்ணாடிக் கால் உடைந்திருக்க, அதை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். ஐம்பது வருடமாகத் தினமும் வேதம் வாசித்தவர், இப்போது வாசிக்கவே மனமில்லை என்கிறார். விசுவாசம் தளர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. சபைக்குக் கொடுக்கும் சங்கக் காணிக்கை ஒரு வருடமும் நான் தவறியதில்லை. ஆலயக் கோபுர விளக்குக்கு 25,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பேராயருக்குப் புகார் எழுதலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அன்புள்ள தம்பி,

பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து, ஐயர், அதாவது குருவானவர், வரவில்லை என்ற புகார் எனக்கு வராத மாதம் இல்லை. அவற்றுக்கெல்லாம் எழுதும் பதிலையே உங்களுக்கும் எழுதியிருப்பேன். ஆனால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தக் கண்ணாடி விஷயத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கண்ணாடியின் கால் உடைந்தது குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பு. அதை அம்மாவே உங்களிடம் சொல்லியிருக்கிறார். பிறகு அதே அம்மா, வேதம் வாசிக்க மனமில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் நாலு வரிக்குள் எழுதிய உங்களுக்கு, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையா? நூல் எத்தனை நாள் தாங்கும்? ஒரு பக்கம் சரிந்து, குனிந்தால் மடியில் விழுகிற கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தப் பெரிய வேதப் புத்தகத்தின் மெல்லிய தாளை 78 வயதில் எப்படிப் புரட்டுவார்? கண்ணில் புரை விழுந்திருக்கவும் கூடும். வாசிக்க முடியவில்லை என்று சொன்னால் மகனுக்குச் செலவு, அலைச்சல் என்று நினைத்து, மனமில்லை என்று சொல்லியிருப்பார். நம் தாய்மார்கள் காலங்காலமாக இப்படித்தான் பேசிவருகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய மகன், விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று தாயின் பேரிலேயே பழியைப் போட்டுவிட்டு, அதைத் தூக்கி நிறுத்த ஐயர் வரவில்லை என்று கோபப்படுகிறீர்கள்.

என் தகப்பனார் கிராமச் சபைகளில் உபதேசியாராக, குருப்பட்டம் பெறாத சபை ஊழியராக, இருந்தவர். வீடு சந்திப்புக்குப் போகும்போது சிறுவயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். சங்கீதம் வாசித்து ஜெபம் முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அவர் கண் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, அடுப்பு எரிந்த தடம் இருக்கிறதா, மாத்திரை அட்டை தீர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, வீடு திரும்பியதும் என் அம்மாவிடம், "அந்தக் கிழவி வீட்டுக்குக் கொஞ்சம் கஞ்சி கொடுத்தனுப்பு" என்பார். உங்கள் ஐயர் அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு விடாமல் நூல் கேட்டு வாங்கி, உட்கார்ந்து கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒரு நல்ல மேய்ப்பன் செய்கிற வேலை அதுதான். அதையா புகாரில் சேர்க்கப் போகிறீர்கள்?

மூன்று மாதம் நீண்ட இடைவெளிதான், மறுக்கவில்லை. ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறையாவது பார்ப்பது குருவானவரின் கடமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவருடைய நாள் எப்படிப் போகிறது என்பது ஊரில் வளர்ந்த உங்களுக்குத் தெரியாததா? ஒரு சேகரம் என்றால் பல ஊர்ச் சபைகள். மற்ற ஆராதனைகளை உபதேசியார் நடத்திவிடலாம். அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணையைக் குருப்பட்டம் பெற்றவர்தான் பரிமாற வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வண்டியை எடுத்தால் ஊர் ஊராகப் போய்த்தான் தீர வேண்டும். கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும். சாவு நேரம் பார்த்து வருவதில்லை. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கினால் அசன விருந்துக்கு அரிசியும் ஆடும் கணக்குப் பார்க்க வேண்டும். இதற்கு நடுவே அண்ணன் தம்பி வரப்புத் தகராறும் ஐயர் குடியிருக்கும் குருமனை வாசலுக்குத்தான் வரும். பாளையங்கோட்டைச் சபையின் முன்னோடியான குளோரிந்தா அம்மையார் அங்கே இருந்த காலத்தில், 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். அத்தனை பேர் வீட்டு அடுப்பையும் ஒருவரே விசாரித்துவிடலாம். இன்றைய சேகரத்தில் யார் வீட்டில் என்ன குறை என்பதை யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபும் எழுதியிருக்கிறார். நீங்கள் அவரை ஒரு முறையாவது தொலைபேசியில் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டதாகக் கடிதத்தில் இல்லை. நேரே பேராயருக்குப் போகிறீர்கள்.

கோபுர விளக்குக்குக் கொடுத்த தொகையை எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக அம்மாவை எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, "இது கொர்பான், கடவுளுக்கென்று கொடுத்தாயிற்று" என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது அங்கே இருக்கிறது. காணிக்கை கொடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் ஆலயம் நம் எல்லோருக்கும் தாய்வீடு. ஆனால் சங்க ரசீதைக் காட்டி, பெற்ற தாயை விசாரிக்கும் பொறுப்பை ஐயர் தலையில் ஏற்ற முடியாது. அவர் வருவது மேய்ப்பனாக. மகனாக வர வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

இந்த வெள்ளிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுச் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். அது நாசரேத்திலேயே நிற்கும். முதல் வேலையாக அம்மாவின் கண்ணாடியை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். சனிக்கிழமையே ஒரு கார் பிடித்து அவரைத் திருநெல்வேலிக்குக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புரை என்றால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து, அன்றைக்கும் நீங்களே கூட இருங்கள். கண்ணாடி மட்டும் போதுமென்றால், அது அம்மா கைக்கு வந்து அவர் ஒரு சங்கீதத்தை வாசித்துக் காட்டும்வரை சென்னைக்குக் கிளம்பாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குருமனைக்குப் போய், அம்மாவுக்கு வீட்டிலேயே நற்கருணை கொடுக்க ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பதற்கு முன், அந்த நூலுக்காக ஐயருக்கு நன்றி சொல்லுங்கள்.