இலவசமாகக் கொடுத்த செயலிக்கு நடுராத்திரியிலும் பதில் சொல்ல வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைத் தொட்டுக்கொண்டு வந்ததால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதம் நீளம், பதிலும் நீளம்தான்.

அக்கா, 2020 ஊரடங்கில் கோவை வேலையை வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்னதால் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். அப்பா பச்சைத் தேயிலை எடையை நோட்டில் எழுதி வைப்பார், மாதக் கடைசியில் ஃபேக்டரி கணக்கோடு ஒத்துப்போகாது. அவருக்காக ஒரு சின்ன ஆண்ட்ராய்டு செயலி எழுதினேன். தினம் எத்தனை கிலோ, என்ன விலை, ஆள் கூலி எவ்வளவு, உரம் எத்தனை மூட்டை, அவ்வளவுதான். மூலநிரலை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில், எல்லோருக்கும் திறந்து வைத்தேன். இப்போது குந்தா, கூடலூர் தாண்டி வயநாடு வரை பயன்படுத்துகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு "தம்பி, போன வருடக் கணக்கைக் காணோம்" என்று வாட்ஸப் வருகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது போனை நீட்டுகிறார்கள். பிளே ஸ்டோரில் ஒரு ஸ்டார் போட்டு "ஏமாற்று வேலை" என்று எழுதுகிறார்கள். ஏப்ரலிலிருந்து அந்த ப்ராஜெக்டை நான் திறக்கவே இல்லை. நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. முகம் தெரியாத ஒருவர் நான்கைந்து திருத்தம் அனுப்பிவிட்டு, "கீ, அக்கவுண்ட் எல்லாம் என்னிடம் கொடுங்கள், இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா? அப்படியே விட்டுவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியுமா? நான் செய்வது தப்பா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

தப்பே இல்லை தம்பி. ஏப்ரலிலிருந்து திறக்க முடியாமல் போனதற்குச் சோம்பல் காரணமில்லை, ஊர்மேல் பாசம் குறைந்துவிட்டது என்பதும் இல்லை. நீங்கள் கொடுத்தது ஒரு செயலி, வாங்கியவர்கள் தங்களுக்கே தெரியாமல் உங்கள் ராத்திரிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். எந்த நாளில் இப்படி ஆனது என்று கேட்டால் உங்களாலும் சொல்ல முடியாது, அவர்களாலும் முடியாது.

இதைத்தான் பர்ன் அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்று விவரித்தது: உடம்பிலும் மனசிலும் சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பும் விலகலும், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம். சம்பள வேலையில் இருப்பவர்களுக்குத்தானே அது, நமக்கு ஏது என்று நினைக்காதீர்கள். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-ல் இதைப் பற்றி எழுதியது நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களைப் பார்த்துத்தான். அவரும் பகலில் தன் வேலையை முடித்துவிட்டு இரவு வெகுநேரம் வரை அங்கே உழைத்தவர். மனசாரக் கொடுக்கிறவர்களைப் பார்த்து எழுதியது இது என்பதை நான் அறிந்தபோது எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஏனென்றால் நானும் இதில் விழுந்து எழுந்தவள். பாமினி, டிஸ்கி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு கருவியை ஏழு வருடம் தனியாகவே பார்த்துக்கொண்டேன். அப்பாவைக் கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாளில், ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்கு அவருடைய கோப்பில் 'ஸ்ரீ' ஏன் உடைந்து வருகிறது என்று டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தக்கூட இல்லை. பதில் சொல்லாமல் என்னால்தான் இருக்க முடியவில்லை. அம்மா வந்து ஒன்றும் பேசாமல் போனை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அப்போது கோபம்தான் வந்தது.

சரி, உங்கள் விஷயம். முதலில் அந்த முகம் தெரியாத மனிதரிடம் இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள். களைத்துப்போன நேரத்தில் எடுக்கும் முடிவுகளில் இதுதான் ஆபத்தானது. எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, அநேகமாக எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. லாஸ்ஸே காலின் என்பவர் வருடக்கணக்காக அதைக் கிட்டத்தட்டத் தனியாகவே பராமரித்து வந்தார். 2022-ல் வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று மின்னஞ்சலில் சிலர் அவரை நெருக்கினார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருப்பதையும், இது சம்பளமில்லாமல் ஆசைக்குச் செய்யும் வேலை என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்புக்குள் ஒரு கள்ளக்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி, இருந்தது. தூரத்துக் கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் மார்ச் கடைசியில் அது பிடிபட்டது. நெருக்கிய அந்த மின்னஞ்சல்களும் திட்டத்தின் பகுதியாகவே இருந்திருக்கும் என்று பிறகு பலரும் சந்தேகப்பட்டார்கள். காலின்மேல் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது, களைத்த மனிதர் என்று தெரிந்துதான் அவரிடம் வந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சைனிங் கீயும் (அப்டேட் உங்களுடையதுதான் என்று காட்டும் ரகசியக் குறி) பிளே ஸ்டோர் அக்கவுண்டும் யார் கையில் இருக்கிறதோ அவர் அனுப்பும் அப்டேட் அத்தனை பேர் போனிலும் ஏறும், உங்கள் பெயரை நம்பித்தான் அவர்கள் ஏற்றிக்கொள்வார்கள். அவருக்கு உண்மையான ஆர்வம் இருந்தால் ஃபோர்க் செய்யட்டும், அதாவது நிரலைப் பிரதி எடுத்துத் தனியாகத் தொடரட்டும். ஜிபிஎல் அதற்கு உங்கள் அனுமதியைக்கூடக் கேட்பதில்லை. வேறு பெயர், வேறு கீ, விருப்பப்பட்டவர்கள் மாறிக்கொள்வார்கள். 2023 கடைசியில் சிம்பிள் மொபைல் டூல்ஸ் செயலிகள் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது இப்படிப் பிரிந்து வந்ததுதான் ஃபாசிஃபை.

அடுத்தது, ஒரே ஒரு கடைசிப் பதிப்பு. இப்போதே வேண்டாம், மனசு வரும்போது, அல்லது நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அதில் புது வசதி எதையும் சேர்க்காதீர்கள், கணக்கு முழுவதையும் எக்செலில் திறக்கிற மாதிரி வெளியே எடுக்க ஒரு பட்டன் போதும். அந்த எடைக் கணக்குதான் அவர்களுடைய சொத்து, செயலி நின்றாலும் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு நிஜமாகவே கடமை என்று ஒன்று இருந்தால் இது ஒன்றுதான் என்பேன். மற்றபடி உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று ஜிபிஎல் உரிமம் பெரிய எழுத்திலேயே சொல்கிறது.

அப்புறம் அறிவிப்பு. "இனி புதுப்பதிப்பு வராது, கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டுமானாலும் தொடரலாம்" என்று தமிழில் நான்கு வரி. கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் ஆண்ட்ராய்டு செயலியைப் பராமரித்தவரும் 2024 அக்டோபரில், பிளே ஸ்டோரில் வெளியிடுவது பெரும்பாடாகிவிட்டது, வேலை செய்யும் ஊக்கமும் இல்லை என்று நேராகச் சொல்லி அந்த டிசம்பரோடு நிறுத்தினார். நிரலை வைக்கும் கிட்ஹப் தளத்தில் 'ஆர்க்கைவ்' செய்துவிட்டால் நிரல் எல்லோருக்கும் தெரியும், புதிதாகப் புகார் எழுத முடியாது, நாளைக்கு மனம் மாறினால் திரும்பத் திறக்கலாம். பிளே ஸ்டோரைப் பற்றியும் பயம் வேண்டாம். புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றாமல் விட்டால் புது போன் வாங்குகிறவர்களுக்குத்தான் அது கிடைக்காமல் போகும், ஏற்கனவே வைத்திருப்பவர்கள் போனிலிருந்து ஒரே நாளில் காணாமல் போய்விடாது.

ஊரில் தலைகாட்டுவது பற்றிக் கேட்டீர்கள். நம் ஊரில் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறோம், அதற்கப்புறம் இரண்டு மூன்று மாதம் கொழுந்து கிடையாது, அந்தத் தோட்டக்காரரிடம் போய் ஏன் இலை போடவில்லை என்று யாரும் சண்டை பிடிப்பதில்லை. உங்களை ஏன் கேட்கிறார்கள் என்றால், நீங்கள் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதைச் செய்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரிய கம்பெனி மாதிரி எங்கோ பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். அப்பாவிடமிருந்தே ஆரம்பியுங்கள். அவர் நான்கு பேரிடம் சொன்னால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும்.

இன்னொன்று. சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடப்பது பல வாரம் தொடர்ந்தால், தூக்கமும் கெட்டால், அதைச் செயலிப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

ஒரு இலவசச் செயலியை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன். இப்போது பாதியில் நின்று நின்று போகிறது. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. கோபத்தில் ஒரு ஸ்டார் கொடுத்தேன். அது பாவம் என்கிறாள் தோழி. குறையைச் சொல்லவே கூடாதா?
— கல்லூரி மாணவி, கூடலூர்

சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். எந்த போன், எந்த ஆண்ட்ராய்டு, செயலியின் பதிப்பு எண், என்ன அழுத்தியதும் நின்றது, இந்த நான்கையும் எழுதினால் அவருடைய இரண்டு மணி நேரம் மிச்சம். அதே புகாரை வேறு யாராவது ஏற்கனவே எழுதியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்டாரை மாற்றிவிடுங்கள், உங்கள் தோழி சொல்வது சரி. அந்த மனிதர் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். நன்றாக ஓடிய மூன்று வருடத்தில் ஒருமுறையாவது நன்றி எழுதினீர்களா? பெரும்பாலோர் எழுதுவதில்லை, அதனால் அவருக்கு வருவதெல்லாம் புகாராகவே இருக்கிறது. நிரல் தெரியாவிட்டாலும் உதவலாம். பல செயலிகளுக்கு வெப்லேட் தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கிறது, மாதம் இருபது வரி செய்தாலே பெரிய விஷயம்.

என் மகள் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ராத்திரி இரண்டு மணி வரை யாரோ வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து ஏதோ செயலி வேலை பார்க்கிறாள். சம்பளம் எவ்வளவு என்றால் "இது காசுக்கு இல்லம்மா" என்கிறாள். இது ஒரு வேலையா? தடுக்கலாமா?
— ஒரு தாய், அருவங்காடு

வேலைதான் அம்மா, உண்மையான வேலை. நீங்கள் போனில் பேங்க் பக்கத்தைத் திறக்கும்போது முன்பெல்லாம் மேலே ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அந்தப் பாதுகாப்பைத் தரும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை உலகமெங்கும் பெரிய பெரிய கம்பெனிகள் பயன்படுத்திக்கொண்டிருந்தன. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை அதில் தெரியவந்த பிறகுதான், முழுநேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவர், வருட நன்கொடை சுமார் 2000 டாலர் என்பது வெளியே தெரிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எடுத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரில் யாருக்கும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் கொஞ்சம் மாறியிருக்கிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-லிருந்து இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது, உங்கள் மகள் கட்டாயம் விண்ணப்பிக்கலாம். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-ல் தொடங்கிய ஃபிளாஸ் ஃபண்ட், கட்டற்ற மென்பொருள்களுக்கு வருடம் 10 லட்சம் டாலர் ஒதுக்கியிருக்கிறது, ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டுகளுக்குத்தான்.

தடுக்காதீர்கள். இரண்டு மணியை மட்டும் பதினொன்றாக்கப் பாருங்கள். அதட்டினால் நடக்காது, ஒரு நாள் சாயங்காலம் டீ போட்டுக்கொடுத்து, என்ன எழுதுகிறாய், எனக்குக் காட்டு என்று கேளுங்கள். அப்படியே இன்னொன்றையும் கேளுங்கள்: "ஒரு வாரம் நீ உட்காரவில்லை என்றால் அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்?" இரண்டு மூன்று பெயர்களைச் சொன்னாள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. "நான் மட்டும்தான்" என்றாள் என்றால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், நான் அவளோடு பேசுகிறேன்.