பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்காக நகலெடுத்துக் கண்டறியும் சோதனை) செய்யத் தேவையான ரியேஜென்ட்டுகளைக் குளிர்பதனம் இல்லாமல் வைத்திருக்க, ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து உலர்த்தினால் போதுமா?

போதாது. சர்க்கரை சேர்த்து உறைய வைத்து உலர்த்திப் பார்த்திருப்பீர்கள். குப்பியின் அடியில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் கிளிசராலைச் சந்தேகியுங்கள். மைனஸ் 20 டிகிரியிலும் உறையாமல் இருப்பதற்காக நொதிகளைப் பெரும்பாலும் 50 சதவீதக் கிளிசராலில்தான் விற்கிறார்கள். உலர்த்தும் இயந்திரத்தில் தண்ணீர் போய்விடும், கிளிசரால் போகாது. கிளிசரால் நீக்கிய நொதியை வாங்குங்கள், அல்லது டயாலிசிஸ் செய்து, அதாவது நுண்துளைச் சவ்வு வழியே வெளியேற்றி, நீக்குங்கள்.

ட்ரெஹலோஸின் வேலை, நொதியைச் சுற்றிக் கண்ணாடிபோல் இறுகி அதை அசையவிடாமல் பிடித்து வைப்பது. முற்றிலும் உலர்ந்திருந்தால் அந்தக் கண்ணாடி 100 டிகிரியிலும் இளகாது. சில சதவீதம் ஈரம் ஏறினாலே அந்த வெப்பநிலை பல பத்து டிகிரி இறங்கிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் காட்டியவர் எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர்.

எங்களிடம் நன்றாக வேலை செய்த குப்பிகள், வெளியே அனுப்பியதும் மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகப் பொய்த்தன. வெயிலில் வண்டி நின்றதே காரணம் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பி வந்த குப்பிகளை வெள்ளைத் தாளில் வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்தார். சிலவற்றில் வெண்மையான கட்டி குப்பியை நிறைத்து நின்றது. மற்றவற்றில் சுவரை விட்டு விலகி, சுருங்கி, ஓரம் பளபளத்தது. "சார், சுருங்கியதெல்லாம் ஒருமுறை பிரித்து மூடிய உறையில் இருந்தவை" என்றார். ஒரே வண்டியில் போய், பிரிக்காமல் திரும்பிய உறைகளில் ஒன்றும் கெடவில்லை. அதன்பிறகு ஒரு சோதனைக்கு ஒரு அலுமினிய உறை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், வெப்பத்தில் ஒட்டிய வாய் என்று மாற்றினோம். பொய்ப்பது நின்றது.

பிறகு வந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. குப்பியையே தொடாதவர்கள் ஆசிரியர் பட்டியலில் இருந்தார்கள். அவருக்குக் கடைசியில் "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி" என்று பெயரில்லாத ஒரு வரி. கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், தெரியும். ஆனாலும் இந்தத் துறையில் கையால் வேலை செய்பவர்களை இப்படி நடத்துவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் நொதி 95 டிகிரியையே தாங்குமே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று யாராவது கேட்கக்கூடும். 95 டிகிரியில் சுமார் 40 நிமிடத்தில் அதன் செயல்திறன் பாதியாகிவிடும். ஒரு சோதனை முடிய அது போதும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடப்பது வேறு கதை. ஆர்என்ஏ சோதனை என்றால், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியும் வேண்டும். அது இன்னும் மென்மையானது. குளிர்பதனமே இல்லாமல் 30, 40 டிகிரி வரை வைக்கக்கூடிய மலேரியாப் பரிசோதனைப் பட்டைகள் இருக்கின்றனவே என்பவர்களுக்கும் ஒன்று: அவையும் உலர்ந்த நிலையில், ஈரம் உறிஞ்சியோடு, தனித்தனி உறையில்தான் வருகின்றன.

பிசிஆர் கலவையில் சேரும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதை உலர்த்தும் கலவையில் சேர்க்காமல், கரைக்கும் திரவத்தில் வைத்துப் பாருங்கள். 45 டிகிரியில் சில வாரம் தாக்குப்பிடித்ததை மட்டும் நம்பி ஆயுளை அச்சிடாதீர்கள். அறை வெப்பநிலையில் முழுக் காலமும் வைத்துச் சோதிப்பதும் உடன் நடக்க வேண்டும். ட்ரெஹலோஸ் எத்தனை சதவீதம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நொதி எந்தக் கரைசலில் வருகிறது என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கி இங்கே பதியுங்கள், அதைப் பார்த்துச் சொல்கிறேன்.